சாம்பார் ஏரியில் நான் கேட்ட தமிழ் வார்த்தை!

ஊரும் நீரும் - 17

கடலே இல்லாத ராஜஸ்தானில் ஓர் உப்பு ஏரி. அது வற்றுவதற்கும், எங்க ஊர் தடுப்பணை மனுவுக்கும் என்ன சம்பந்தம்?

"சாம்பார் ஏரியா? அப்போ பக்கத்துலயே ரசக் குளமும் இருக்குமே!"

ஒரு பயிற்சி வகுப்புக்காக ஜெய்ப்பூர் போயிருந்தேன். வகுப்பு முடிந்து ஒருநாள் லீவு கிடைத்தது. "நாளைக்கு சாம்பார் ஏரிக்குப் போறேம்பா" என்று போனில் சொன்னதும் அப்பா அடித்த கமென்ட்தான் இது. பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

சிரித்து முடித்த அப்பா, அடுத்த நிமிஷமே விஷயத்துக்கு வந்துவிட்டார். "ஏம்மா, அந்த மனுவை எழுதிட்டியா? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும். நீதான பேப்பர்காரி, நல்லா அழுத்தமா எழுது."

எங்கள் ஊர் திருமுக்கூடல். உத்திரமேரூர் தாலுகா. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் என்பதால் அந்தப் பெயர். மூன்று ஆறு இருக்கிற ஊர்க்காரர்களுக்கு என்ன கவலை என்று நீங்கள் நினைக்கலாம். வருஷத்தில் பாதி நாள் மூன்றிலும் மணல்தான் ஓடுகிறது. அதனால், 'செய்யாற்றில் இன்னொரு தடுப்பணை வேண்டும்' என்று அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் மனு கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில்.

"எழுதிடறேம்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் சாயங்காலம் அந்த மனுவை எழுத உட்கார்ந்தபோது முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கால் வைக்காதீங்க!

ஜெய்ப்பூரிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கி.மீ. புலேரா ஜங்ஷன் தாண்டி அடுத்த சில கிலோமீட்டரில் 'சாம்பார் லேக்' என்றே பெயர் கொண்ட ஒரு ஸ்டேஷன். வழியெல்லாம் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. நடுநடுவே நம்ம ஊர் சீமைக் கருவேலம். பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. சந்தோஷம் தராத சொந்தக்காரர்தான், ஆனாலும்!

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஜீப் கிடைத்தது. ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் விவசாயிதான். கடுகு, கோதுமை, மழைக்காலத்தில் கம்பு. குளிர்காலத்தில் ஏரி பார்க்க வருகிறவர்களை ஜீப்பில் கூட்டிப்போவது சைடு வருமானம். என் அரைகுறை இந்தியைப் பொறுத்துக்கொண்டு, 'பேட்டி... பேட்டி...' என்று மகளைப் போலவே பேசினார்.

பத்து நிமிடத்தில் வயல் முடிந்தது. அதன் பிறகு எதுவுமே இல்லை.

மிகைப்படுத்தவில்லை. மரம் இல்லை, வீடு இல்லை, மேடு பள்ளம் இல்லை. தரை முழுக்க வெள்ளை. தூரத்தில் அந்த வெள்ளையும் வானமும் எங்கே சேர்கின்றன என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் மாதிரி தெரிந்த இடம் கிட்டே போனால் காய்ந்த உப்பு. உப்பு மாதிரி தெரிந்த இடத்தில் அரை அடித் தண்ணீர்.

போட்டோ எடுக்கும் ஆசையில் கரையிலிருந்து இறங்கக் காலைத் தூக்கினேன். "பேட்டி, கால் வைக்காதே!" என்று டிரைவர் கத்தினார். ஒரு குச்சியை எடுத்துக் குத்திக் காட்டினார். மேலே அப்பளம் மாதிரி மெல்லிய உப்புத் தகடு, கீழே கருப்பாகச் சேறு. குச்சி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது.

நம் நாட்டில் கடலோடு தொடர்பே இல்லாமல் உள்நாட்டில் இருக்கும் உப்பு ஏரிகளில் இதுதான் மிகப் பெரியது. நீளம் சுமார் 35 கி.மீ. அகலம் இடத்துக்கு இடம் 3 முதல் 11 கி.மீ. வரை. ஆனால் ஆழம்? நல்ல மழைக்குப் பிறகே 3 மீட்டர்தான். கோடையில் சில சென்டிமீட்டர். பரப்பில் ஒரு நகரத்தையே விழுங்கும் ஏரி, ஆழத்தில் ஒரு தாம்பாளத் தட்டு.

அந்தத் தட்டுக்கு வரும் வழி உண்டு, போகும் வழி கிடையாது. மேந்தா, ரூபன்கர் போன்ற ஆறுகளும் ஓடைகளும் சுற்றிலும் இருந்து தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். ஏரியிலிருந்து எந்த ஆறும் வெளியே போகாது. அங்கே வருடத்துக்குப் பெய்யும் மழையே சுமார் 500 மி.மீ.தான், நம்ம காஞ்சிபுரத்தில் பெய்வதில் பாதிகூட இல்லை. வெயிலோ பல மடங்கு. வந்த தண்ணீர் ஆவியாகப் போகும். அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு மட்டும் அங்கேயே தங்கும். அம்மா ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போனால் பாத்திரத்தில் என்ன மிஞ்சுமோ, அதேதான். இதுவே ஆயிரக்கணக்கான வருடங்களாக நடந்திருக்கிறது.

உப்பு ஆதியில் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பழைய கடலின் மிச்சம் என்றார்கள் சிலர். கோடைக்காற்று கட்ச் ரண் பாலைவனத்திலிருந்து உப்புத் தூசியைச் சுமந்துவந்து போடுகிறது என்று 1909-ல் ஹாலண்ட், கிறிஸ்டி என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுற்றியுள்ள பாறைகள் கரைந்து வருவது என்பது இன்னொரு விளக்கம்.

உள்ளூர் மக்களிடம் கேட்டால் ஏரிக்கரைப் பாறை மேல் கோயில் கொண்டிருக்கும் சாகம்பரி அம்மனைக் காட்டுகிறார்கள். பக்தர்களுக்கு மகிழ்ந்து, அந்தக் காட்டையே வெள்ளிச் சமவெளியாக மாற்றினாளாம் அம்மன். 'ஐயோ தாயே, இவ்வளவு வெள்ளி இருந்தா அடிச்சுக்கிட்டுச் சாவோம், திரும்ப எடுத்துக்கோ' என்று மக்கள் கெஞ்ச, வெள்ளியை உப்பாக மாற்றிவிட்டாளாம். சண்டை வரக் கூடாது என்று கேட்டு வாங்கிய உப்பு. இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காக ஒரு வேலி

நமக்கு உப்பு என்றால் கடல்தான். தூத்துக்குடி, வேதாரண்யம், நம்ம பக்கத்து மரக்காணம். நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை மாட்டுவண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், நெல்லுக்கு மாற்றிய உமணர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். கடலே பார்க்காத வடநாட்டு ஊர்களுக்கு அந்த உப்பைக் கொடுத்தவற்றில் முக்கியமானது சாம்பார்.

அதனால்தான் அதன் மேல் எல்லோருக்கும் கண். ஆங்கிலேயர்கள் உப்புக்கு வரி போட்டார்கள். வரி கட்டாத உப்பு தங்கள் பகுதிக்குள் வராமலிருக்க, நாட்டின் குறுக்கே சுங்கக் கோடு ஒன்றைப் போட்டு அதில் முள்வேலிச் செடிகளையே வளர்த்தார்கள். உச்சத்தில் அந்தக் கோட்டின் நீளம் சுமார் 4,000 கி.மீ! 1870-ல் ஜெய்ப்பூர், ஜோத்பூர் சமஸ்தானங்களிடமிருந்து சாம்பார் ஏரியைக் குத்தகைக்கு வாங்கினார்கள். உப்பு விளையும் இடமே கைக்கு வந்துவிட்டால், வரியை அங்கேயே வசூலித்துவிடலாமே? அப்புறம் எதற்கு வேலி? 1879-ல் அந்த வேலியைக் கைவிட்டார்கள். வேலி போனது, வரி போகவில்லை. 1930-ல் காந்தி தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடக்க வேண்டியிருந்தது.

இப்போது 1964-ல் தொடங்கப்பட்ட 'சாம்பார் சால்ட்ஸ்' என்ற அரசு நிறுவனம் அங்கே உப்பு எடுக்கிறது. ஏரியின் குறுக்கே சுமார் 5 கி.மீ. நீளத்துக்கு ஒரு கல் அணை. அணைக்கு மேற்கே ஏரித் தண்ணீர். அது வெயிலில் சுண்டி உப்பு ஏறியதும், மதகைத் திறந்து கிழக்கே பாத்திகளுக்கு விடுகிறார்கள். அங்கே இன்னும் சுண்டும்.

பாத்திகள்தான் கண்கொள்ளாக் காட்சி. ஒன்று இளஞ்சிவப்பு, பக்கத்தில் செங்கல் நிறம், அதற்கடுத்தது பீட்ரூட் சாறு. யாரோ சாயப்பட்டறைத் தண்ணீரை விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கடும் உப்பிலும் வாழக்கூடிய கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும் வெயிலிலிருந்து தப்பிக்கப் பூசிக்கொள்ளும் நிறம் அது. கேரட்டுக்கு நிறம் தருகிற அதே வகைப் பொருள். அந்தப் பாசியையும், அதைத் தின்னும் குட்டி உப்பு இறால்களையும் தின்றுதான் பூநாரைகள் ரோஸ் நிறமாகின்றன. குஞ்சாக இருக்கும்போது அவை சாம்பல் நிறம்தான்!

தூரத்தில் ஒரு ரோஸ் கோடு தெரிந்தது. டிரைவர் ஜீப்பை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். நூற்றுக்கணக்கான பூநாரைகள், தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்தபடி. அந்த அமைதியில் அவை தண்ணீரைச் சலிக்கும் சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது. நான் போனை எடுக்கவில்லை. (சரி, எடுத்தேன். ஆனால் ஐந்து நிமிடம் கழித்துத்தான்.)

அந்த வார்த்தை

திரும்பும்போது அவர் வயலைக் காட்டக் கூட்டிப்போனார். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை ஒன்றின் ஓரத்தில் அவர் நிலம். ஓடையில் ஈரம்கூட இல்லை. "தண்ணி எங்கே?" என்றேன். மேற்கே கையைக் காட்டி, "மேலே ஏனிகட் இருக்கு. அதுக்கும் மேலே இன்னொரு ஏனிகட். அதுக்கும் மேலே இன்னொண்ணு" என்றார்.

'ஏனிகட்' என்றால்? அவர் கையால் ஓடையின் குறுக்கே ஒரு சுவர் கட்டிக் காட்டினார். தடுப்பணை! ஏனிகட்... அனிகட்... அணைக்கட்டு!

நம்ம கல்லணையைப் பார்த்து மிரண்டுபோன ஆங்கிலேய இன்ஜினீயர்கள், 'அணைக்கட்டு' என்ற தமிழ் வார்த்தையை அப்படியே 'அனிகட்' என்று எழுதிக்கொண்டார்கள். கல்லணையின் ஆங்கிலப் பெயரே 'கிராண்ட் அனிகட்'தான். அந்த வார்த்தை பொதுப்பணித் துறைக் காகிதங்களில் ஏறி, ஊர் ஊராகப் பயணம் செய்து, ராஜஸ்தான் கிராமத்து விவசாயியின் வாயில் 'ஏனிகட்' ஆகியிருக்கிறது. இத்தனை தூரத்தில் ஒரு தமிழ் வார்த்தை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இது எங்க மொழி வார்த்தை!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ உங்க ஊர்க்காரங்கதான் எங்க தண்ணியை நிறுத்திட்டீங்க" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பையில் பாதி எழுதிய மனு இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழைநீரைத் தேக்குவது தப்பா? அதே ராஜஸ்தானின் ஆல்வார் பகுதியில் சிறு தடுப்பணைகளும் குளங்களும் கட்டிக் கிராமங்களை மீட்டதற்காக ராஜேந்திர சிங்குக்கு 2001-ல் மகசேசே விருதும், 2015-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதும் கிடைத்தன. காய்ந்த பூமியில் ஒரு தடுப்பணை என்பது ஒரு கிராமத்தின் குடிநீர், மாட்டுத் தீவனம், கல்யாணச் செலவு. அதைக் கட்டியவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. மழையே சில நாள்தான். ஓடையில் ஒரு தடுப்பணை இருந்தால், அது நிரம்பி வழிந்து மிச்சம் ஏரிக்குப் போகும். ஒன்றின் மேல் ஒன்றாக இருபது இருந்தால்? நல்ல மழை வருஷத்தில் எல்லாம் நிரம்பி வழியும். சுமாரான வருஷத்தில் கடைசி ஐந்துக்கே தண்ணீர் வராது. ஏரி கடைமடை. அதற்கு அடுத்த வருஷம்தான். அதற்குள் நிலத்தடிக்கு இறங்கியதையும் மோட்டார் வைத்து இறைத்துவிடுகிறோம்.

இது போதாதென்று ஏரியின் வயிற்றிலேயே கைவைத்தார்கள். ஏரியைச் சுற்றித் தனியார் உப்புப் பாத்திகள் பெருகின. மேலே தண்ணீர் இல்லையென்றால் கீழே இருக்கும் உப்புநீரை எடுப்போம் என்று ஏரிக்குள்ளேயே அனுமதியில்லாமல் போர்வெல் போட்டு, கிலோமீட்டர் கணக்கில் ஒயரும் பைப்பும் இழுத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. அகற்றச் சொல்லி உத்தரவுகள் வந்தன. அகற்றுவதும் மறுபடி முளைப்பதுமாக இருக்கிறது.

வெள்ளி இருந்தால் அடித்துக்கொள்வோம் என்று பயந்து வாங்கிய உப்புக்கும் இப்போது போட்டி.

உப்புத் தண்ணிக்கு எதுக்கு நல்ல தண்ணி?

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. "ஏம்மா, அது உப்பு ஏரி. குடிக்க உதவாது, பயிருக்கு உதவாது. நல்ல தண்ணியக் கொண்டுபோயி அதுல வுட்டு உப்பாக்குறதுக்கு, வயலுக்கு வுட்டா நாலு பேரு சோறு துன்னுவான். ஏரின்னா மதகு இருக்கணும், பாசனம் இருக்கணும். அது இன்னா ஏரி?"

ஏரி மாவட்டத்துக்காரர் அப்படித்தான் கேட்பார். எங்கள் பக்கத்து வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே ஆங்கிலேய கலெக்டரிடம் எழுதி வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியும். அங்கே பறவைக்கும் வயலுக்கும் உறவு இருக்கிறது. சாம்பாரில் அந்த உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுதான் அந்த ஏரியின் பிரச்னையே.

கண்ணுக்குத் தெரியாதது என்னவென்று, வற்றிய பிறகுதான் தெரியும். கலிபோர்னியாவில் ஓவன்ஸ் என்று ஓர் உப்பு ஏரி. அதற்கு வரும் ஆற்றை 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் குடிநீருக்காகத் திருப்பினார்கள். 1920-களிலேயே ஏரி காய்ந்தது. உப்புத் தண்ணிதானே என்று விட்டார்கள். காய்ந்த ஏரிப் படுகையிலிருந்து கிளம்பிய உப்புத் தூசியால் சுற்றியிருந்தவர்களால் மூச்சுவிட முடியவில்லை. அந்தத் தூசியை அடக்க அதே நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. குழாயில் கொண்டுபோன தண்ணீரில் ஒரு பகுதியை மறுபடி ஏரி மேலேயே தெளிக்கிறார்கள்!

மத்திய ஆசியாவின் ஏரல் கடலும் அப்படித்தான். 1960-ல் உலகின் நான்காவது பெரிய ஏரி. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பினார்கள். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. அடியிலிருந்த உப்பைக் காற்று அள்ளிக்கொண்டுபோய், எந்தப் பருத்தி வயலுக்காகத் தண்ணீரை எடுத்தார்களோ அதே வயல்கள் மேல் தூவியது.

களர் நிலம் என்றால் என்னவென்று உங்கள் வீட்டு விவசாயிக்குத் தெரியும். ஏரியில் உப்பு தண்ணீருக்கு அடியில் அடங்கி இருக்கிறது. தண்ணீர் போனால் அது காற்றில் கிளம்பி, கடுகு வயலில்தான் வந்து உட்காரும்.

"ம்ம்..." என்றார் அப்பா. அவர் 'ம்ம்' என்றால் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

2019 நவம்பர்

டிரைவர் ஒரு இடத்தில் மட்டும் ஜீப்பை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டினார். "இங்கேயெல்லாம் குழி தோண்டினோம்" என்றார்.

2019-ல் பல வருடங்களுக்குப் பிறகு நல்ல மழை. ஏரியில் தண்ணீர் பரந்து நின்றது. வெளிநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் பறவைகள் வந்து குவிந்தன. நவம்பரில் அவை கொத்துக் கொத்தாகச் சாக ஆரம்பித்தன. முதலில் கால் இழுக்கும். பிறகு இறக்கை தொங்கும். கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாமல் ஆழமே இல்லாத அந்தத் தண்ணீரில் முகம் கவிழ்ந்து போகும். 18,000-க்கும் அதிகமான பறவைகளைப் புதைத்தார்கள்.

பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் காரணத்தைச் சொன்னது: 'பொட்டுலிசம்' என்ற பாக்டீரியா நஞ்சு. காற்றில்லாத சேற்றிலும், செத்த உடலிலும் இந்த பாக்டீரியா பெருகும். செத்த பறவையில் புழு வைக்கும். நஞ்சு புழுவை ஒன்றும் செய்யாது. அந்தப் புழுவைத் தின்னும் பறவை சாகும். அதில் மறுபடி புழு. செத்ததை உடனே அகற்றுவதுதான் இந்தச் சங்கிலியை அறுக்கும் வழி. 1990-லேயே சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சார்' ஈரநிலம் என்று பெயர் வாங்கிய ஏரியில், அகற்ற ஆள் வந்து சேர்வதற்குள் பெரும் சேதம் நடந்துவிட்டது. 2024-லும் இதே நோயில் அங்கே பறவைகள் செத்தன. அந்த முறை எண்ணிக்கை குறைவு.

தடுப்பணையால்தான் பறவைகள் செத்தன என்று நான் சொல்லவில்லை. ஒரு ஏரியைப் பல வருடம் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டால், அதற்குக் காய்ச்சல் வரும்போது கவனிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

மாமா ஊர்

ஊருக்குத் திரும்பியதும் பாலத்தின் மேல் நின்று பாலாற்றைப் பார்த்தேன். கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் 33 கி.மீ. ஓடி, தமிழ்நாட்டில் 222 கி.மீ. வருகிற ஆறு. 2016-ல் வாணியம்பாடி அருகே புல்லூரில் ஆந்திர அரசு தடுப்பணையின் உயரத்தை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது அப்பா எவ்வளவு கொதித்தார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "மேல இருக்கறவன் மொத்தத்தையும் கட்டிக்கினா கீழ இருக்கறவன் மண்ணையா துன்றது?" என்று டீக்கடையில் கேட்டவர் அவர்.

இந்தப் பக்கம் பழையசீவரத்தில் பாலாற்றுத் தடுப்பணை வந்து, அதில் தண்ணீர் தேங்கி நின்றபோது, பேரனைக் கூட்டிப்போய்க் காட்டியவரும் அவரேதான். எங்கள் கிணறு ஊறியது. அந்தச் சந்தோஷம் உண்மை.

ஆனால் எங்களுக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. வயலூரில் கடலில் சேரும் வரை பாலாற்றங்கரை முழுக்க விவசாயம்தான். அம்மா பிறந்த ஊரே அங்கே செங்கல்பட்டுப் பக்கம்தான். மாமாவின் கிணறும் அதே ஆற்று ஊற்றை நம்பித்தான் இருக்கிறது. மாமாவிடம் போனில் மனு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்கப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத... எங்களுக்கும் கொஞ்சம் வுடச் சொல்லும்மா" என்றார்.

ராஜஸ்தான் டிரைவரும் மாமாவும் வேறு வேறு மொழியில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்.

கலங்கல்

உத்திரமேரூர் கல்வெட்டு என்றதும் குடவோலைத் தேர்தல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் என்னென்ன குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன தெரியுமா? அதில் ஒன்று 'ஏரி வாரியம்'. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தேர்தல் வைத்த ஊர் எங்கள் தாலுகா!

ஏரி கட்டிய அந்த ஆட்கள் ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கலங்கல் வைத்தார்கள். ஏரி நிரம்பியதும் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாகத்தான் எங்கள் மாவட்டத்து ஏரிகள் இருக்கின்றன. கலங்கலின் உயரத்தை நள்ளிரவில் யாராவது மண்மூட்டை போட்டு ஏற்றினால், விடிவதற்குள் கீழ் ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு வந்து நிற்பார்கள். ஏனென்றால் கலங்கலின் உயரம் மேல் ஊர் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

சாம்பாருக்கு மேலே ஓடைகளில் எத்தனை ஏனிகட் இருக்கலாம், எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதை முடிவு செய்யும்போது அந்த ஏரிக்காகக் கடப்பாரையோடு வர யாரும் இல்லை. பூநாரைக்கு ஓட்டு இல்லை. பாத்தியில் கூலிக்கு உப்பு வாருகிறவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மனுவை முடித்தேன். தடுப்பணை வேண்டும் என்ற கோரிக்கையை அப்பா கேட்ட மாதிரியே அழுத்தமாக எழுதினேன். எங்களுக்கும் தண்ணீர் வேண்டும்தானே! கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். 'தடுப்பணையின் உயரத்தை, கீழ்ப்பகுதி ஊர்களின் விவசாயிகளையும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்குச் சேர வேண்டிய நீர் குறையாமல் மதகு அமைக்க வேண்டும்.'

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். எனக்குப் படபடப்பு.

"இது உன் மாமன் சொல்லி எழுதினதா?"

"இல்லப்பா... சாம்பார் ஏரி."

கண்ணாடியைக் கழற்றினார். அம்மா சமையல்கட்டு வாசலிலேயே நின்றார்.

"சரி, இருக்கட்டும்" என்றார் அப்பா. "ஆனா 'முதல்ல எங்களுக்கு நெறஞ்ச பிறகு'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. கலங்கல்னா அதான அர்த்தம்?"

சேர்த்துக்கொண்டேன்.

சாம்பார் ஏரிக்குப் போக ஆசையா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். பூநாரைகளைப் பார்க்க அதிகாலையே சிறந்தது. ஜெய்ப்பூரிலிருந்து ரயிலிலோ காரிலோ காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். உள்ளூர்க்காரர் துணையில்லாமல் வெள்ளைத் தரையில் இறங்காதீர்கள், அது அப்பளம்! கூலிங் கிளாஸ், தொப்பி, குடிநீர் கட்டாயம். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. பறவை எதுவாவது செத்தோ, எழ முடியாமலோ கிடந்தால் தொடாமல் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம் இன்னொரு ஊரில் சந்திப்போம்.)